பேசாத குழாயும் ஃபாரூக் நானாவும்

போன கிழமை, ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்த உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள், "அன்டி, மெஷின் 'இல்லை'ன்னு சொன்னா அதை எப்ப நம்பலாம்?" அன்றைக்குத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, பஸ்ஸும் வந்துவிட்டது. அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு ஏறிப் போனேன். வழியெல்லாம் மனசு கேட்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

மௌனம் சம்மதம் என்பார்கள். கல்யாணப் பேச்சில் பெண் வாய் திறக்காவிட்டால் சரிதான் என்று தட்டை மாற்றிவிடுவார்கள். அந்தப் பழமொழியை நம்பி அழுத பெண்கள் எத்தனை பேரோ. நம்முடைய வேலையில் அதை நம்பினால் அழுவதற்குப் பிள்ளையே மிஞ்சாது.

நான் பட்டம் வாங்கியவள் அல்ல. இனக்கலவரத்தில் கண்டி கட்டுக்கலையில் அப்பாவின் கடை எரிந்தபோது என் படிப்பும் அதோடு போய்விட்டது. பிறகு கிடைத்த ஆய்வுகூட வேலையில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்த டொக்டரின் அலுமாரியில் இருந்த புத்தகங்களை அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தேன். புத்தகம் விளங்காத இடத்தில் மனிதர்கள் சொன்னது விளங்கியது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் கண்டியில், ஆஸ்பத்திரியில் இருந்து கொஞ்சம் தள்ளி, எங்களுடையது சின்ன ஆய்வுகூடம். கர்ப்பிணித் தாயின் இரத்தத்தில் வயிற்றுப் பிள்ளையின் மரபணுத் துணுக்குகளும் கொஞ்சம் மிதக்கின்றன அல்லவா, அதைத் தேடிக்கொண்டிருந்தோம். இன்றைக்கு நீங்கள் அதைச் சாதாரணமாகச் செய்கிறீர்கள். அன்றைக்கு அது சனிக்கிழமைச் சந்தை இரைச்சலில் ஒரு கைக்குழந்தை சிணுங்குவதைக் காது கொடுத்துக் கேட்பது போன்ற வேலை. இரைச்சல் முழுக்கத் தாயுடையது. சிணுங்கல் மட்டும்தான் பிள்ளையுடையது.

எதற்காகக் கேட்டோம் என்றால், நெகட்டிவ் இரத்தம் உள்ள தாய்மாருக்காக. தாய் நெகட்டிவ், பிள்ளை தகப்பன் வழியில் பொசிட்டிவ் என்றால், முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் அந்தப் பிரசவத்தில் தாயின் உடம்பு பொசிட்டிவ் இரத்தத்தை அந்நியன் என்று குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்து வரும் பொசிட்டிவ் பிள்ளையின் இரத்தத்தை வயிற்றுக்குள்ளேயே அழிக்கத் தொடங்கும். அந்த வருடங்களில் வீதியில் மட்டும் இல்லை, உடம்புக்குள்ளும் அடையாள அட்டை கேட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே குழாயிடம் எங்களுக்கு இரண்டு கேள்விகள். பொசிட்டிவ் இரத்தத்தின் அடையாளம் இருக்கிறதா? இருந்தால் பிள்ளை பொசிட்டிவ், கதை முடிந்தது. இல்லாவிட்டால்தான் தொல்லை. பிள்ளை உண்மையிலேயே நெகட்டிவா, அல்லது பிள்ளையின் துணுக்கே குழாயில் சிக்கவில்லையா? அதற்குத்தான் இரண்டாவது கேள்வி: ஆண் அடையாளம் இருக்கிறதா? தாயின் உடம்பில் அது இருக்க வழியில்லை. அது தெரிந்தால் பிள்ளை குழாயில் இருக்கிறது என்று அர்த்தம், முதல் கேள்விக்கு வந்த 'இல்லை'யையும் நம்பலாம். இரண்டும் தெரியாவிட்டால் பெண் பிள்ளையாக இருக்கலாம், வெறும் குழாயாகவும் இருக்கலாம். அப்போது 'சொல்ல முடியாது' என்று எழுதுவோம். எழுதக் கை கூசும். ஆனாலும் எழுதுவோம்.

ஆணா பெண்ணா என்பதை யாருக்கும் சொல்வதில்லை. ஒரு முதலாளி பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "பேரனாண்டு மட்டும் சொல்லுங்க மிஸ், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்." "நானும் அப்படித்தான் முதலாளி, யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றேன். பலாப்பழத்தை அவரே சுமந்துகொண்டு போனார். நல்ல பழம், வாசனை வாசல் வரைக்கும் வந்தது.

ஆண் அடையாளத்தைத் தேடும் வேலை என்பதால் எங்கள் உள்ளறைக்குள் ஆண்கள் வருவதில்லை. ஓர் ஆணின் தோலில் இருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத பொடி போதும், குழாய் ஆண் என்று சொல்லிவிடும். அதனால் குழாய்களைத் திறந்து கலக்கும் வேலை என்னுடையது. இரத்தத்தைப் பொறுப்பேற்பது, இயந்திரத்தைப் பார்ப்பது எல்லாம் வெளியறையில் ஃபாரூக் நானாவின் வேலை. பக்கத்து மடவளை ஊர்க்காரர். என்னைவிட மூத்தவர், முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவது போல எல்லாரும் நானா என்றே கூப்பிடுவோம். உள்ளறைக் கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார். "எங்கட பள்ளியில பொம்புளையளுக்கு வேற வாசல். இங்க எனக்கு வாசலே இல்ல" என்பார்.

அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது. ஓ நெகட்டிவ் நானா. அந்த அருமையான இரத்தம் அவருடையது. ஆஸ்பத்திரியில் அதற்குத் தட்டுப்பாடு வந்தால் உடனே எங்கள் தொலைபேசி அடிக்கும். யாருக்கு என்று கேட்க மாட்டார். காயப்பட்ட படையினனோ, பேறுவலியில் கிடக்கும் தோட்டத்துப் பெண்ணோ, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். "தண்ணி மாதிரிதான் தங்கச்சி, தேங்கினா நாறும்" என்பார்.

இனி சரோஜா. கலஹா டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். மூத்த மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். வார்டில் கட்டில் ஓரத்தில் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள், யாராவது பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. பிள்ளை நெகட்டிவ் என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். பொசிட்டிவ் என்றால் ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விடாமல் பார்த்து, நேரம் தப்பாமல் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். மகனை, வேலையை, குடியிருக்கும் லயத்து அறையை எல்லாம் விட்டுவிட்டு இருக்கிற இருப்பு அது. அவளைக் கலஹாவுக்கு அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று எங்கள் குழாய் சொல்ல வேண்டும்.

அவளுடைய இரத்தம் எடுத்த நாள் பார்த்து நகரத்தில் திடீரென்று படையினர் வீதிகளை மூடினார்கள். சோதனை. வார்டில் இருந்து வர வேண்டிய இரத்தம் ஏதோ ஒரு தடுப்பில் மாட்டி மத்தியானம் தாண்டித்தான் வந்தது. இரத்தம் எடுத்து நேரம் ஆக ஆகத் தாயின் அணுக்கள் உடைந்து அவளுடைய இரைச்சல் கூடும், பிள்ளையின் சிணுங்கல் அதில் அமுங்கிவிடும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நானும் மாட்டினேன். பஸ்ஸை நிறுத்தித் தமிழ்ப் பெயர்க்காரர்களை மட்டும் இறக்கிப் பக்கத்துப் பாடசாலை மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு கிழவர் சொன்னார், "வரிசைல நிக்கிறதுக்கு ஏம்மா மொகத்த இப்பிடி வச்சிருக்க? ரேசன் கடைன்னு நெனச்சிக்க." சிரித்தோம். விட்டபோது பொழுது சாய்ந்திருந்தது, நேரே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போனால் ஆய்வுகூடத்தில் எல்லாருக்கும் முகம் மலர்ந்திருந்தது. எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரி, லேசில் சிரிக்காதவர். அவரே கதிரையில் இருந்து எழுந்து வந்தார்.

"சரோஜாவின்ர முடிவு வந்திட்டுது. ஆண் அடையாளம் இருக்கு, பொசிட்டிவ் அடையாளம் இல்லை. பிள்ளை தப்பீட்டுது. இப்பதான் வார்டுக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வாறன். மத்தியான பஸ்ஸில வீட்டை போகலாம் எண்டன். என்ர கையைப் பிடிச்சவள் விடேல்ல."

நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் கேட்டேன், "டொக்டர், நான் நேற்று வரவே இல்லையே. குழாயைக் கலந்தது யாரு?"

டொக்டர் என்னையே பார்த்தார். நான்தான் செய்தேன் என்று நினைத்திருந்தார். வெளியறையில் இருந்து நானா சொன்னார், "நான்தான் தங்கச்சி. உங்கள இறக்கிட்டாங்கண்டு கேள்விப்பட்டேன். டொக்டரும் நேத்து வரல்ல, போன் எடுத்தா லைன் இல்ல. ரத்தம் பழுதாகப் போகுது, அந்தப் புள்ள எங்கள நம்பிக்கிட்டு இரிக்கி. அங்கி, கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன்."

அவர் செய்தது அன்பினால். அதை நான் அன்றும் சந்தேகிக்கவில்லை, இன்றும் இல்லை. அந்த நேரம் தொலைபேசி அடித்தது. நானா எடுத்தார், "ம்… ம்… இப்பவே வாரேன்" என்று வைத்தார். "வடக்கில இருந்து காயக்காரர் வந்திரிக்கிறாங்களாம். ஓ நெகட்டிவ் வேணுமாம்." சொல்லிக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டினார்.

தை மாசத்துக் கண்டிக் காற்று. அவருடைய முழங்கையில் தோல் வெள்ளை வெள்ளையாக உலர்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் அங்கிகள் அரைக்கை அங்கிகள். கையுறை மணிக்கட்டோடு முடியும்.

ஓர் ஆண். நெகட்டிவ் இரத்தம் உள்ள ஆண். அவருடைய தோல் பொடி கொஞ்சம் குழாயில் விழுந்தால் குழாய் என்ன சொல்லும்? ஆண் அடையாளம் உண்டு, பொசிட்டிவ் அடையாளம் இல்லை. மேசையில் இருந்த முடிவு எழுத்துக்கு எழுத்து அதுவேதான்.

பிள்ளைகளே, சொல்வதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பார்த்தேன். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். சோதனையில் இறக்கப்பட்ட தமிழச்சி, வந்ததும் வராததுமாய்த் தன் வேலையைச் செய்து கொடுத்த முஸ்லிம் மனிதரில் பிழை பிடிக்கிறாள். அதுவும் அவர் இரத்தம் கொடுக்கப் புறப்படுகிற நேரம். இன்னொரு பக்கம் நினைத்தேன். வார்டில் ஒருத்தி பை கட்டிக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவளுக்கு உயிர் வந்திருக்கிறது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். சரிதான். ஆனால் பஸ்ஸுக்குப் பழமொழி தெரியாது, அது தன் நேரத்துக்குப் போய்விடும்.

"நானா, போக முன்னம் ஒரு விசயம்" என்றேன். "உங்கள்ல பிழை சொல்றேன்னு நினைக்காதீங்க. அந்தக் குழாயில இருக்கிறது சரோஜாட புள்ளையா, நீங்களான்னு எனக்குத் தெரியல்ல."

அவர் சுருட்டிய கையோடு அப்படியே நின்றார். தன் முழங்கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சட்டைக் கையை இறக்கி மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டார்.

டொக்டர் பழைய பழக்கத்தில் கேட்டார், "வெறும் தண்ணிக் குழாய் என்ன சொல்லுது?"

உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு முறையும் இரத்தமே இல்லாத ஒரு குழாயையும் ஓட்டுவோம். அது மௌனமாக இருக்க வேண்டும். அதில் அடையாளம் தெரிந்தால் வெளியில் இருந்து ஏதோ புகுந்துவிட்டது என்று பொருள். ஆனால் சோதனைக்கான மருந்துகள் வந்து சேராத அந்த மாதங்களில், மிச்சம் பிடிக்கிறோம் என்று நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தே தண்ணீர்க் குழாயை நிறுத்தி வைத்திருந்தோம். பஞ்சம் வந்தால் வீட்டில் முதலில் நாயைத்தான் பட்டினி போடுவார்கள். கள்ளன் வந்தால் குரைக்க ஆள் இருக்காது.

டொக்டர் குளிரலுமாரியைத் திறந்து பார்த்தார். இன்னும் ஒரேயொரு தரம், ஒரு குழாயும் அதற்குக் காவலாக ஒரு தண்ணீர்க் குழாயும் ஓட்டத்தான் மருந்து இருந்தது.

"ரெண்டு வழி இருக்கு" என்றார். "நானாவின்ர தோலைத் தண்ணியில போட்டு ஓட்டினா நேற்று நடந்தது என்னெண்டு தெரியவரும். புது இரத்தம் எடுத்து ஓட்டினா பிள்ளையைத் தெரியவரும். ரெண்டையும் செய்ய ஏலாது."

நானாதான் பதில் சொன்னார். "என்னப் பிடிச்சு என்ன செய்யப் போறீங்க டொக்டர்? புள்ளையப் பாருங்க." சொல்லிவிட்டு இரத்தம் கொடுக்கப் போய்விட்டார்.

ஆகவே அந்தக் குழாயில் இருந்தது அவர்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதை நாங்கள் நிரூபிக்கவே இல்லை. யார் பிழை என்று அறிவதற்கும் யார் உயிர் என்று பார்ப்பதற்கும் ஒரே ஒரு துளி மருந்து இருந்தால் எதற்குச் செலவழிப்பது என்று அவர் அன்றைக்குச் சொல்லிவிட்டுப் போனார். நான் இங்கே உங்களுக்குச் சொல்ல நினைத்ததில் பாதி அதுதான்.

வார்டுக்கு டொக்டரோடு நானும் போனேன். சரோஜா தலை வாரி, சேலை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. "சரோஜா, காலமை நான் சொன்னதைத் திருப்பி எடுக்கிறன். எங்கட பரிசோதனையில பிழை வந்திருக்கலாம். பிள்ளைக்கு ஆபத்து இல்லையெண்டு இப்ப எங்களால சொல்ல ஏலாது. இன்னொருக்கா இரத்தம் எடுக்க வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். "காலையில ஒண்ணு சொல்றீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. நான் என்ன மிஸ், ஒங்களுக்கு வெளாட்டுச் சாமானா? எங்க வீட்டுக்காரரு மகனைக் கூட்டிக்கிட்டு கலஹா டவுன்ல வந்து நிப்பாரு. நான் போறேன்." எழுந்தே விட்டாள்.

ஆறுதல் சொற்கள் நாக்கு நுனி வரை வந்தன. அவற்றில் ஒன்றுகூட உண்மையாக இல்லை. அவள் கட்டிலில் நானும் உட்கார்ந்து, உங்களுக்கு இப்போது எழுதிய அளவுக்கே, குழாயின் இரண்டு கேள்விகளையும் சொன்னேன். நேரம் போனதைச் சொன்னேன், இரைச்சலில் பிள்ளையின் சத்தம் அமுங்கிப் போயிருக்கலாம் என்று சொன்னேன். "கேக்கலன்னா இல்லன்னு நாங்க எடுத்துக்கிட்டோம் சரோஜா. அது தப்பு."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். ஹந்தானை மலைப் பக்கம் முழுக்க வெள்ளையாக மூடிக் கிடந்தது.

"அதெப்படி மிஸ்?" என்றாள் கோபம் ஆறாமலே. "பனி மூடுனா மலை இல்லன்னு ஆயிருமா?"

பிறகு பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். "எடுங்க. ஆனா இந்தவாட்டி தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. சந்தோசத்த குடுத்துப்புட்டு புடுங்காதீங்க."

முப்பது வருடத்துக்குக் கிட்ட இந்த வேலை பார்த்திருக்கிறேன். அறிக்கை எழுதுவது எப்படி என்று அவள் சொன்னதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இரத்தத்தை நானே கையோடு சுமந்து வந்தேன். நானே கலந்தேன். தண்ணீர்க் குழாயையும் பக்கத்தில் வைத்தேன். நானா வெளியறையில் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், ஒரு கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. இயந்திரத்தின் திரையில் கோடு மெல்ல எழும்பி வந்தது. தண்ணீர்க் குழாய் மௌனம். சரோஜாவின் குழாயில் பொசிட்டிவ் அடையாளம் இருந்தது. ஆண் அடையாளம் இல்லை.

வயிற்றில் இருந்தது பெண் பிள்ளை. பொசிட்டிவ் பிள்ளை. கலஹாவுக்கு அனுப்பியிருந்தால் மூன்றாவதாகப் போயிருக்கக்கூடிய பிள்ளை.

நானா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. டொக்டர் வந்து அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார், "நானா, நேற்று நீங்கள் அதைச் செய்யாமல் விட்டிருந்தா இரத்தம் பழுதாப் போச்செண்டு நான் கோவிச்சிருப்பன். கதவை நாங்கள் மூடி வச்சம், ஆனா ஏனெண்டு உங்களுக்கு ஒருநாளும் சரியா விளங்கப்படுத்தேல்ல." அன்றில் இருந்து எங்கள் ஆய்வுகூடத்தில் எந்த விதியையும் காரணத்தோடுதான் சொல்வோம். நீங்களும் கேளுங்கள். காரணம் தெரியாத விதியை நல்ல மனசுக்காரர்தான் முதலில் மீறுவார்.

சரோஜா வார்டிலேயே தங்கினாள். தோட்டத்துச் சிநேகிதிகள் முறை வைத்து அவள் மகனைப் பார்த்துக்கொண்டார்கள். டொக்டர்மார் விடாமல் கவனித்து, பிள்ளைக்குச் சோகை ஏறத் தொடங்குகிற அறிகுறி தெரிந்ததும் மாதம் நிறைவதற்கு முன்னமே வெளியே எடுத்தார்கள். மஞ்சள் பூத்த சின்ன உடம்பு. அதன் இரத்தத்தை மாற்ற வேண்டும் என்றார்கள். தாயின் உடம்பு வகுத்த பகையில் சிக்காத இரத்தம் வேண்டும், ஓ நெகட்டிவ். புதிதாக எடுத்ததாக இருந்தால் நல்லது.

எங்கள் தொலைபேசி அடித்தது.

நானா மறுபடியும் கொடுக்கக்கூடிய காலம் அப்போது வந்திருந்தது. யாருக்கு என்று அவர் அன்றைக்கும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு வேகமாக நடந்தார்.

பிள்ளை தேறிய பிறகு ஒருநாள் பார்வையாளர் நேரத்தில் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வார்டு வாசலிலேயே, பழக்கதோஷம், இரண்டடி பின்னால் நின்றுவிட்டார். அந்தக் குழாய்ச் சம்பவத்தில் இருந்து வெயில் காலத்திலும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை பூட்டியே வைத்திருப்பார்.

சரோஜாவுக்கு எல்லாக் கதையும் டொக்டர் சொல்லியிருந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப இந்தவாட்டி என் வயித்துல மொதல்ல வந்த ஆம்பளப் புள்ள இவருதானா மிஸ்?"

பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்க்க, நானாவின் முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கங்க மகள்" என்றார். "அன்டைக்குக் கூப்பிடாம வந்துட்டேன். ரெண்டாம் முறை கூப்பிட்டுத்தான் வந்தேன்."

"ஏன் அங்கேயே நிக்கிறீங்க? வாங்க, தூக்குங்க. இப்ப ஒங்க ரத்தந்தான இவளுக்குள்ள ஓடுது."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். உண்மையாகவே அனுமதி கேட்டார்.

"வெறுங்கையால தொடலாமா தங்கச்சி?"

"இங்க தொடலாம் நானா" என்றேன்.

அவர் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார்.